இரண்டு தரம் அணைந்து

பத்து எண்ணி முடித்த பிறகுதான் நான் செய்த காரியம் எனக்கு உறைத்தது.

ஸ்க்ரூடிரைவரின் நுனி மதர்போர்டின் கீழ்மூலையில், அந்த இரண்டு ஊசிகளின் மேல் இருந்தது. சோங்ஹேயில் எங்கள் கம்பெனியின் மெமரி சோதனைக்கூடத்தில் இருபத்து நான்கு வருஷமாக இதைச் செய்கிறேன். ஒரு போர்டு கோளாறு என்று மேஜைக்கு வந்தால் முதலில் மின்சாரத்தைப் பிடுங்கவேண்டும். இரண்டு ஊசிகளையும் இரும்பால் சேர்த்துத் தொட்டுப் பத்து எண்ணவேண்டும். போர்டு தன்னில் யார் என்ன செட்டிங் வைத்தார்கள் என்பதை எல்லாம் மறந்து தொழிற்சாலையிலிருந்து வந்த நாளுக்குத் திரும்பிவிடும். அதற்குப் பிறகுதான் வேலை. புதிதாகச் சேருகிறவர்களுக்கு முதல் நாள் நான் சொல்லிக்கொடுப்பதே இதுதான். வீட்டுக்குள் நுழையும்போது செருப்பைக் கழற்றுவதற்கு யாரும் யோசிப்பதில்லை, அந்த மாதிரி. அந்தச் சனிக்கிழமை மத்தியானம் என் வீட்டில், என் மகன் போ-யெனின் அறையில், அவன் கம்ப்யூட்டருக்கு நான் இதைச் செய்தேன். அவன் இறந்து நாற்பத்தோரு நாள் ஆகியிருந்தது.

பார்க்கச் சொன்னது சூன்-யிங். என் மனைவி. கீழ்த்தளத்தில் காலைச் சிற்றுண்டிக் கடை வைத்திருக்கிறாள். முட்டைச் சுருள், முள்ளங்கிப் பணியாரம், சோயாப் பால். எங்கள் ஊர் சிற்றுண்டிக் கடைக்காரிகள் வருகிற ஆண்களை எல்லாம் "அழகா" என்றும் பெண்களை எல்லாம் "அழகி" என்றும்தான் கூப்பிடுவார்கள். வயது, முகம் எதுவும் அதற்குத் தடையில்லை. மகன் போன பத்தாம் நாள் கடையைத் திறந்தாள். திறந்த அன்றும் அப்படியே கூப்பிட்டாள். மாடிப்படியில் நின்று கேட்டேன். "அழகா, உனக்கு முட்டை ஒண்ணா ரெண்டா?" குரல் அதே குரல்தான். முகத்தில்தான் ஒன்றும் இல்லை. அவளைக் குறை சொல்ல எனக்கு யோக்கியதை கிடையாது. நானும் பதினோராம் நாள் வேலைக்குப் போய் முப்பத்திரண்டு போர்டுகளைச் சோதித்து அறிக்கை எழுதிக் கொடுத்துவிட்டு வந்தவன்தான்.

"போ-யென் பெட்டி காலையிலேர்ந்து எழுந்திருக்கல" என்றாள் அன்று கடையை மூடிவிட்டு மேலே வந்து. "நீலமா என்னமோ வந்து நிக்குது. நீதான் ஆயிரக்கணக்குல பார்க்கிறியே, போய்ப் பாரு."

அவள் அதைத் தினமும் போட்டுக்கொண்டிருக்கிறாள் என்பதே அப்போதுதான் எனக்குத் தெரியும். விடியுமுன் கடைக்கு இறங்கும் முன்பு அவன் அறைக்குள் போவாளாம். பொத்தானை அமுக்கிவிட்டு, அது எழும்வரை அவன் கட்டிலில் உட்கார்ந்திருப்பாளாம். எழுந்ததும் இறங்கிவிடுவாள். மத்தியானம் வந்து அணைப்பாள். அதில் எதையும் திறந்து பார்ப்பதில்லை. அவளுக்கு அதன் கடவுச்சொல்லும் தெரியாது. நான் பக்கத்து அறையில் குறட்டை விட்டுக்கொண்டிருந்திருக்கிறேன், முப்பது நாள்.

ஊசியிலிருந்து கையை எடுத்துவிட்டு மின்சாரத்தைக் கொடுத்துப் பொத்தானை அமுக்கினேன். உடனே எழுந்தது. முதல் தரமே, சத்தமில்லாமல், சமர்த்தாக. காற்றாடிகள் மெல்லச் சுற்றின. எங்கள் கூடத்தில் ஒரு போர்டு இப்படி எழுந்தால் பச்சை முத்திரை குத்திவிடுவோம்.

சூன்-யிங் வாசலில் நின்று அது எழுவதைக் கேட்டாள். பார்க்கவில்லை, கேட்டாள்.

"இது அவன் இல்லையே" என்றாள்.

"ஓடுதுல்ல."

"ரெண்டு தரம் அணைஞ்சுதானே எழுவான்? எழுப்ப எழுப்ப மறுபடி படுத்துக்கற மாதிரி. மூணாவது தரம்தான் காத்தாடி உய்யுன்னு வரும். அது எங்கே?"

"அது கோளாறு. அதைத்தான் சரி பண்ணினேன்."

"ஓடவைக்கத்தானே சொன்னேன். சரி பண்ணுன்னு யார் சொன்னா?"

என் கையிலிருந்த ஸ்க்ரூடிரைவரைப் பார்த்தாள். அவளுக்கு மெமரி, மின்னழுத்தம் எதுவும் தெரியாது. ஆனால் என்னைத் தெரியும்.

அவள் சொன்ன அந்த இரண்டு தரத்துக்குக் காரணம் போ-யென்தான். கடையில் வாங்கிய மெமரியையும் ப்ராசசரையும் அவற்றுக்கு எழுதிக் கொடுத்த வேகத்துக்கு மேல் விரட்டுவது ஒரு பித்து. ஓவர்க்ளாக் என்பார்கள். எங்கள் தீவில் பையன்களில் பாதிப் பேருக்கு அது ஒரு வயதில் வந்து ஒரு வயதில் போய்விடும். ஆறாயிரம் என்று அச்சடித்த மெமரியை ஆறாயிரத்து எண்ணூறில் ஓட்டவேண்டும். அதற்கு நாற்பதுக்கு மேற்பட்ட எண்களை ஒவ்வொன்றாக மாற்றவேண்டும். ஒன்றைக் குறைத்தால் இன்னொன்று உதைக்கும். பொறுத்துக்கொள்ளும் எல்லையில் எண்கள் இருந்தால் போர்டு முதலில் திணறும். எழும், முடியாமல் அணையும், கொஞ்சம் தளர்த்திக்கொண்டு மறுபடி எழும். அவன் ஜனவரியில் தொடங்கி மூன்று மாதம் அதில் உட்கார்ந்திருந்தான். அதே வேலையைச் சம்பளத்துக்குச் செய்துவிட்டு வருகிற நான், வீட்டில் அவன் திரையைப் பார்க்கவே மாட்டேன். "பதிமூணு சதவீத வேகத்துக்கு மூணு மாசமா? அதுக்கு ஒரு பாடமாவது பாஸ் பண்ணியிருக்கலாம்" என்பேன். அவன் சிரிப்பான். இருபது வயது. மார்ச் கடைசியில் ஒரு காலை, வலது பக்கம் திரும்பிய லாரி அவன் ஸ்கூட்டரைப் பார்க்கவில்லை.

ஊசியைத் தொட்டாலும் அழியாத ஓர் இடம் போர்டில் உண்டு. எண்களை ஒரு பெயர் போட்டுச் சேமித்து வைப்பதற்கு எட்டு அறைகள். எதையும் தொடுமுன் சேமித்துக்கொள் என்று அவனிடம் நூறு தரம் சொல்லியிருக்கிறேன். அன்று சாயங்காலம் அதைத் திறந்தேன். ஏழு அறைகள் காலி. முதல் அறையில் ஒன்று இருந்தது. "அப்பா" என்று பெயர் வைத்திருந்தான்.

அதில் இருந்தவை என் எண்கள். போன வருஷம் அவன் நச்சரிப்புத் தாங்காமல் சாப்பாட்டு மேஜையில் ஒரு கைத்துடைப்புத் தாளில் எழுதிக் கொடுத்த எண்கள். எல்லாம் மெதுவானவை, எதற்கும் அசையாதவை. ஏதாவது விபரீதமானால் திரும்பி வருவதற்கு அதை வைத்திருந்திருக்கிறான். தன்னுடையதை அவன் சேமிக்கவே இல்லை.

எனக்கு அழுகை வரவில்லை. வரும், வரும் என்று எல்லோரும் சொல்லிக்கொண்டே இருந்தார்கள். முதல் வாரத்தில் என் அக்கா முதுகைத் தடவித் தடவிப் பார்த்தாள். எனக்குப் பசித்தது, தூக்கம் வந்தது, போர்டுகளின் வரிசை எண்கள் ஞாபகம் இருந்தன. வேறு எதுவும் நடக்கவில்லை. பிள்ளை முந்திப் போனால் பெற்றவர்கள் வழியனுப்பக் கூடாது என்பது எங்கள் வழக்கம். எரியூட்டும் இடத்துக்கு நாங்கள் போகக் கூடாது. அதற்கு முன் அப்பன் ஒரு கோலை எடுத்துச் சவப்பெட்டியை மூன்று தட்டுத் தட்டவேண்டும்; எங்களை விட்டுவிட்டு முன்னால் போனாயே, இது தப்பு என்று கண்டிக்கிற மாதிரி. சடங்குக்காரர் மூங்கில் கோலை என் கையில் கொடுத்து, "மூணு தட்டு, அண்ணே, அவ்வளவுதான்" என்றார். தட்டினேன். ஒன்று, இரண்டு, மூன்று. அங்கேயும் எண்ணத்தான் செய்தேன். சூன்-யிங்கைப் பக்கத்து அறையில் இரண்டு பெண்கள் பிடித்து வைத்திருந்தார்கள். அன்று வீட்டுக்கு வந்ததும் அவள் கேட்ட முதல் கேள்வி, "எவ்வளவு பலமா அடிச்சே?" என்பது.

"மெதுவாத்தான்" என்றேன்.

இப்போது சனிக்கிழமை ராத்திரிச் சாப்பாட்டின்போது கிண்ணத்தைப் பார்த்துக்கொண்டே கேட்டாள். "அந்தப் பெட்டியையும் மெதுவாத்தான் தட்டினியா?"

நான் சோற்றை விழுங்கினேன். ஞாயிறு காலை அவள் அவன் அறைக்குள் போகவில்லை. திங்கட்கிழமையும் போகவில்லை. செவ்வாய்க்கிழமை கடை ஷட்டரைத் தூக்கவே இல்லை. அடுத்த ஞாயிற்றுக்கிழமை நாற்பத்தொன்பதாம் நாள். அன்றைய சடங்கோடு அவன் இந்த வீட்டை விட்டுக் கிளம்பிவிடுவான் என்பது கணக்கு. அதற்குள் அந்தப் பெட்டி இரண்டு தரம் அணைந்து எழவேண்டும். என் வாழ்க்கையில் வேறு எதுவும் அவ்வளவு தெளிவாக எனக்குத் தெரிந்ததில்லை.

திங்கட்கிழமையே கூடத்தில் பானிடம் கேட்டிருந்தேன். பான் எங்கள் பயாஸை, அதாவது போர்டை எழுப்பி எண்களை வைத்துக்கொள்கிற நிரலை, எழுதுகிற பெண். முப்பது வயது, வாய் அவளுக்கு முன்னால் நடக்கும். மற்றவர்கள் எல்லாம் ஒரு மாதமாக என்னைக் கண்டால் காப்பி இயந்திரத்தின் பக்கம் திரும்பிக்கொள்கிறார்கள். அவள் ஒருத்திதான் பழையபடி பேசுகிறாள்.

"ஒரு போர்டு ரெண்டு தரம் விழுந்து மூணாவது தரம் எழணும். எந்த எண்ணைக் கெடுக்கலாம்?" என்றேன்.

"என்னண்ணே இது! அப்படி எழுற போர்டைச் சரி பண்ணத்தானே நமக்குச் சம்பளம் தர்றாங்க? கெடுக்கறதுக்கு யாரு தர்றா? எதிரிக் கம்பெனியா?" சிரித்தவள் என் முகத்தைப் பார்த்து நிறுத்தினாள். "யாரோட போர்டு?"

சொன்னேன். ஊசியைத் தொட்டதையும் சொன்னேன். அவள் கொஞ்ச நேரம் நகத்தைக் கடித்தாள்.

"நானா இருந்தாலும் தொட்டிருப்பேன், அண்ணே. யோசிச்சிருக்கவே மாட்டேன்" என்றாள். பிறகு, "சும்மா எதையாவது கெடுத்து ரெண்டு தரம் விழவைக்கலாம். அண்ணிக்குத் தெரியப்போறதில்ல" என்றாள்.

"தெரியும்."

"அப்போ அவன் வெச்ச எண்ணேதான் வேணும். படம் எதாவது எடுத்து வெச்சிருக்கானா பாருங்க. இந்தப் பித்து பிடிச்சவங்க எல்லாம் சோத்தைப் படம் எடுக்கறாங்களோ இல்லையோ, பயாஸைப் படம் எடுப்பாங்க." போகும்போது திரும்பி, "பொட்டலம் தேதி முடிஞ்சிருக்கான்னும் பாருங்க" என்றாள்.

பொட்டலம் என்பது பச்சை உறையில் வருகிற சோளப் பொரி. சமர்த்தாயிரு என்று அதன் பெயருக்கு அர்த்தம். இயந்திரம் ஒழுங்காக ஓடவேண்டும் என்று அதை எல்லாவற்றின் மேலும் வைப்போம். எங்கள் கூடத்தில் ஒவ்வொரு அடுக்கிலும் ஒன்று உண்டு, ஆறாயிரம் பொறியாளர்கள் வேலை செய்கிற கம்பெனி. பச்சையாகத்தான் இருக்கவேண்டும், தேதி முடிந்திருக்கக் கூடாது. போ-யென் பெட்டியின் மேலும் ஒன்று இருந்தது. அவன் போய்ப் பன்னிரண்டாம் நாளே தேதி முடிந்திருந்தது. வருகிற வழியில் புதிது ஒன்று வாங்கிக்கொண்டு வந்தேன். பழையதை எடுக்கப் போனால் சூன்-யிங் சமையலறையிலிருந்தே, "அதைத் தொடாதே" என்றாள். பக்கத்தில் வைத்தேன்.

பான் சொன்னது சரிதான். அதற்கு எங்கும் தேடவேண்டியதும் இல்லை. எல்லாப் படங்களையும் அவன் எனக்கே அனுப்பியிருந்தான். போனில் அவன் பெயரைத் திறந்து மேலே தள்ளிக்கொண்டே போனேன். முப்பத்தொரு படங்கள். பளபளக்கும் திரையைக் கையால் பிடித்த போனில் எடுத்த சாய்ந்த படங்கள். ஒவ்வொன்றுக்கும் கீழே அவன் ஒரு வரி, நான் ஒரு வரி. "அப்பா 6400 ஏறிடுச்சு!" அதற்கு நான் ஒரு கட்டைவிரல். "அப்பா இந்த மின்னழுத்தம் அதிகமா?" "அதிகம்." "அப்பா இதைப் பார்த்தீங்களா?" "வேலையில் இருக்கேன்." கடைசிப் படம், அவன் போவதற்குப் பத்து நாள் முன்னால். "அப்பா 6800! ஆனா ரெண்டு தரம் அணைஞ்சுதான் எழுது. பரவாயில்லையா?" அதற்கு நான், "பரவாயில்லைன்னு யார் சொன்னது? குறை" என்று எழுதியிருக்கிறேன். அதற்குப் பதில் இல்லை. அவன் குறைக்கவும் இல்லை.

படிக்கும்போது நெஞ்சில் ஏதாவது நடக்கும் என்று காத்திருந்தேன். நடக்காததால் காலண்டர் தாளைத் திருப்பி எண்களை எழுத ஆரம்பித்தேன்.

கடைசிப் படத்திலிருந்து நாற்பத்து மூன்று எண்கள் கிடைத்தன. நாற்பத்து நான்காவது கிடைக்கவில்லை. அந்த இடத்தில், கறுப்புத் திரையில், படம் எடுக்கிறவனின் பிம்பம் விழுந்திருந்தது. போனைப் பிடித்த கை, அதற்குப் பின்னால் பாதி முகம், கலைந்த முடி. எண் அந்தக் கைக்குள் இருந்தது. படத்தை வெளிச்சமாக்கினால் கையும் முகமும் வெளுத்துப் போயின, எண்ணும் சேர்ந்து வெளுத்தது. இருட்டாக்கினால் முகம் நன்றாகத் தெரிந்தது, எண் தெரியவில்லை. கொஞ்ச நேரம் அதை ஏற்றி இறக்கிக்கொண்டிருந்தேன். பிறகு இருட்டிலேயே விட்டுவிட்டேன்.

செவ்வாயிலிருந்து வெள்ளி வரைக்கும் லீவு போட்டேன். மகன் இறந்து பதினோராம் நாள் திரும்பியதிலிருந்து ஒரு நாள்கூட எடுக்காதவன் இப்போது சேர்ந்தாற்போல எடுத்ததும் மேலாளர் பயந்துபோய் இரண்டு தரம் போன் செய்தார். அவன் நாற்காலியில் உட்கார்ந்து நாற்பத்து மூன்று எண்களையும் போட்டேன். மறைந்த எண்ணுக்குப் பதினாறு வாய்ப்புகள். ஒவ்வொன்றாக வைத்து அமுக்குவது, கேட்பது, எழுதுவது. எழும், அணையும். எழும், அணையும். மூன்றாவது தரமும் எழும், அணையும். நான்காவது தரம் போர்டு கையை விரித்துவிட்டு, எல்லா எண்ணையும் தள்ளிவைத்து, மெதுவான வேகத்தில் சமர்த்தாக வந்து நிற்கும். மறுபடி முதலிலிருந்து. ஒரு தரத்துக்கு, ஆறவிட்டு எடுத்தால், ஒரு மணி நேரம். இருபத்து நான்கு வருஷமாக விழாமல் எழவைக்கப் பாடுபட்டவன், சரியாக இரண்டே தரம் விழவைப்பதற்கு உட்கார்ந்திருந்தேன்.

புதன்கிழமை சூன்-யிங் கடையைத் திறந்தாள். பழக்கம்தான் வேறென்ன. பதினொரு மணி வாக்கில் யாரோ படியேறுவது கேட்கும். அறை வாசலில் தரையில் ஒரு தட்டு வைக்கப்படும், முட்டைச் சுருள், மேலே மிளகாய்க் குழம்பு. அவள் உள்ளே வரமாட்டாள். பெட்டி மூன்றாவது தரமும் அணைவதைக் கேட்கும்வரை நிற்பாள். பிறகு படியிறங்கும் சத்தம். கீழேயிருந்து, "அழகி, சோயாப் பால் சூடா, ஆறினதா?"

வெள்ளிக்கிழமை மத்தியானம் பதினாறாவது எண்ணும் விழுந்தது. காலண்டர் தாளில் பதினாறு வரிகளும் அடிக்கப்பட்டிருந்தன. அப்படியானால் அந்தப் படத்துக்குப் பிறகு இருந்த பத்து நாளில் அவன் வேறு எதையோ மாற்றியிருக்கிறான். எதை, எவ்வளவு என்று தெரியாது. நாற்பத்து நான்கு எண்களில் எதுவாகவும் இருக்கலாம். ஆயுசு முழுக்க உட்கார்ந்தாலும் தீராது. அப்போதுதான் எனக்குப் பயம் வந்தது. லாரி மோதிவிட்டது என்று போன் வந்தபோது வராத பயம், கோலைக் கையில் கொடுத்தபோது வராத பயம். அவன் கடைசியாக என்ன வைத்தான் என்பது இந்த உலகத்தில் இனி ஒருவருக்கும் தெரியாது, தெரிந்திருந்த ஒரே இடத்தை நான் பத்து எண்ணி அழித்துவிட்டேன். வியர்வை முதுகில் ஓடியது. நான் அதைப் பயத்தின் வியர்வை என்றே நினைத்தேன்.

சூன்-யிங் உள்ளே வந்தாள். சனிக்கிழமைக்குப் பிறகு முதல் தரம். ஏப்ரனைக்கூடக் கழற்றவில்லை. ஞாயிற்றுக்கிழமைச் சடங்குக்கு வைக்க அவன் சட்டை ஒன்று வேண்டுமாம். அலமாரியைத் திறந்தவள் அப்படியே நின்று நெற்றியைப் புறங்கையால் துடைத்தாள்.

"என்ன இது, ஆவிக்கூடைக்குள்ள உட்கார்ந்திருக்கியா? நாலு நாளா இப்படித்தானா? இதுல மனுஷனே எழுந்திருக்க மாட்டான்."

மே மாதம். ஜன்னலை அவள்தான் சாத்தி வைத்திருந்தாள், அவன் வாடை போய்விடும் என்று. முப்பது நாளாக யாரும் திறக்கவில்லை. நானும் திறக்கவில்லை.

"அவன் ஏசி போடாம இந்தப் பெட்டிகிட்ட உட்கார்ந்து நான் பார்த்ததே இல்ல" என்றாள். "ஜனவரிக் குளிர்லயும் போடுவான். போர்வையைப் போத்திக்கிட்டு உட்கார்ந்திருப்பான், திருட்டுப் பூனை மாதிரி. கரண்ட் பில்லு வந்ததும் நீதானே குதிப்பே?"

நான் அவளைப் பார்த்தேன். எங்கள் கூடத்தில் வருஷம் பூராவும் இருபத்தைந்து டிகிரி. வெளியே புயலடித்தாலும் ஆகஸ்டு வெயில் கொளுத்தினாலும் உள்ளே அதேதான். நான் ஆகஸ்டிலும் மேல்சட்டை போட்டுக்கொண்டு வேலை செய்கிறவன். அறிக்கையின் முதல் வரியிலேயே அறை வெப்பம் இருபத்தைந்து என்று அச்சாகியிருக்கும். அச்சாகியிருப்பதை யாரும் எழுதுவதில்லை. எழுதாததை யாரும் யோசிப்பதில்லை. மெமரி சூட்டுக்கு எவ்வளவு பயப்படும் என்று ஊருக்கெல்லாம் பாடம் எடுக்கிறவன், மூடிய அறையில் நாலு நாளாக வெந்துகொண்டு, குளிரில் வைத்த எண்களைக் குறை சொல்லிக்கொண்டிருந்திருக்கிறேன். அவன் பெட்டி போன சனிக்கிழமை நின்றதும் இதனால்தான். அதற்கு ஒரு கோளாறும் இல்லை. வெயில் காலம் வந்துவிட்டது, அவ்வளவுதான்.

"நீ கெட்டிக்காரி" என்றேன்.

"அது உனக்கு இப்பத்தான் தெரியுதா?" என்றாள், சிரிக்காமல்.

ரிமோட் கட்டில் தலைமாட்டில் ஆணியில் தொங்கியது. அவள் எடுத்து அமுக்கப்போனவள் நிறுத்தினாள். என்னிடம் நீட்டினாள். அதன் சின்னத் திரையில் பத்தொன்பது என்று இருந்தது. அவன் கடைசியாக வைத்தது. யாரும் தொடாததால் அப்படியே இருந்தது. நாங்கள் இருவரும் அந்த எண்ணைக் கொஞ்ச நேரம் பார்த்தோம். கூட்டவும் இல்லை, குறைக்கவும் இல்லை. அவள் பொத்தானை மட்டும் அமுக்கினாள்.

முதலில் வந்த காற்றில் தூசி நாற்றம் வந்தது. அதோடு அவன் ஷாம்பு வாசனையும் துவைக்காத சட்டை வாடையும் கொஞ்சம் வந்தன. சூன்-யிங் கட்டிலில் உட்கார்ந்து அந்தக் காற்றின் நேருக்கு முகத்தைக் காட்டிக் கண்ணை மூடிக்கொண்டாள். நான் பட்டியலில் நடுவாக இருந்த எட்டாவது எண்ணை மறுபடி வைத்தேன். அவன் எப்போதும் நடுவில்தான் தொடங்குவான், முப்பத்தொரு படங்களிலும் அப்படித்தான். கணக்கில்லாமல் நான் எடுத்த முதல் முடிவு அது. பெட்டியை அணைத்துவிட்டுக் காத்திருந்தோம். முக்கால் மணி நேரம். கீழே யாரோ மூடிய ஷட்டரைத் தட்டி, "அக்கா, இருக்கீங்களா?" என்றார்கள். அவள் அசையவில்லை. அவள் முன்கையில் மயிர் சிலிர்த்திருந்தது. அவன் போர்வையை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டாள்.

"ஆறிடுச்சா?"

"ஆறிடுச்சு."

"நான் அமுக்கறேன்" என்றாள்.

அமுக்கினாள். எழுந்தது. காற்றாடிகள் சுற்றத் தொடங்கித் தயங்கின, பெட்டி அணைந்தது. ஒன்று. மறுபடி எழுந்தது. விளக்குகள் வந்தன, போயின. அணைந்தது. இரண்டு.

அதற்குப் பிறகு சத்தமே இல்லை. மூன்றாவது எழுவதற்கு எப்போதும் சில விநாடி ஆகும் என்று அவளுக்குத் தெரிந்திருக்கவேண்டும், முப்பது காலை கேட்டவள் அவள். நாலு நாளாக நான் கேட்டதில் அது இவ்வளவு தாமதித்ததில்லை. பெட்டியின் பக்கத் தகடு திறந்தே கிடந்தது. என்னை அறியாமல் என் கை கீழ்மூலையை நோக்கிப் போய்விட்டிருந்தது. ஸ்க்ரூடிரைவரின் நுனி அந்த இரண்டு ஊசிகளுக்கு ஒரு விரல் தூரத்தில் இருந்தது. சூன்-யிங் அதை என் விரல்களிலிருந்து ஒவ்வொரு விரலாகப் பிரித்து எடுத்து, தன் ஏப்ரன் பைக்குள் போட்டுக்கொண்டாள்.

"இரு" என்றாள். "அவசரப்படுத்தாதே."

கறுத்த திரையில் நாங்கள் இருவரும் தெரிந்தோம், போர்வை போர்த்திய ஒருத்தியும் வெறுங்கையோடு ஒருவனும். எங்கள் தலைக்கு மேலே, சுவரில், ஏசியின் பச்சை எண் இடம்வலம் மாறி எரிந்துகொண்டிருந்தது.